கவிஞனும் பல்கலைக்கழக விருந்தும்

மறைந்த கவிஞனுக்குப் பின்வந்தோர் செய்யும் சிறப்புக்கள் பலவகையின. சிலர் கல் நாட்டுவர்; சிலர் ஆண்டுதோறும் கூடி விருந்துண்டு அவன் பாடல்களைப் பாடுவர்; கற்றோர் கூடிக் கருத்தரங்கு நடாத்துவர். இவற்றுள் மூன்றாவது சிறப்பே இன்று மேலோங்கி நிற்கின்றது. கவிஞனொருவன் பிறந்தோ இறந்தோ இத்துணை ஆண்டு நிறைந்தது என்றதும் பல்கலைக்கழகமொன்று அழைப்பு விடுக்கின்றது. பேராசிரியர்கள் கட்டுரை படிக்கின்றனர். சில ஆண்டுகளின்பின் அக்கட்டுரைகள் நூலுருவம் பெறுகின்றன. இவை போற்றத்தக்க முயற்சிகளே. ஆயினும் இச்சிறப்பினாலே கவிஞன் பெறுவது யாது, அவன் கவிதை பெறுவது யாது, கற்றோர் தமக்குத் தாமே செய்துகொள்வது யாது என்னும் வினாக்கள் எழாமற் போவதில்லை.

இவ்வினாக்களை ஆராய்தற்கு ஸ்கொத்லாந்து நாட்டுக் கவிஞரான றொபேட் பேர்குசன் மிகப் பொருத்தமானவர். பல்கலைக்கழகமொன்று அறிஞரொருவருக்கு எடுத்த விருந்தினையே பாடுபொருளாகக் கொண்டு அதனை அங்கதத்தாற் சாடியவர் அவர். அவர் சாடிய பல்கலைக்கழகம் அவர் பயின்ற பல்கலைக்கழகமே. அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் பிற்காலத்தில் அவருக்குச் சிறப்புச் செய்ய முன்வந்தனர். கவிஞர் தாமே வகுத்துத் தந்த அளவுகோலைக் கொண்டு அவருக்குச் செய்யப்பட்ட சிறப்புக்களை அளந்து பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேர்குசன் 1750ஆம் ஆண்டு செப்தெம்பர் 5ஆம் நாள் எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் எளிய எழுதுவினைஞர். எடின்பரோவிலும் டண்டியிலும் பள்ளிக்கல்வி பெற்றபின், உதவிப்பணத்தின் துணையோடு 1765இல் சென் அன்றூஸ் பல்கலைக்கழகம் புகுந்தார். 1767இல் தந்தையார் இறந்தார். அடுத்த ஆண்டிற் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை நீங்கி, எடின்பரோவுக்கு மீண்டு, அலுவலகமொன்றிற் சட்டப் பத்திரங்களைப் படியெடுக்கும் வேலையில் அமர்ந்தார். வோல்ற்றர் றடிமன் நடாத்திய வார இதழிலே 1771 முதல் அவருடைய ஆங்கிலச் செய்யுட்கள் வெளிவந்தன. அவை அக்கால வழக்கைப் பின்பற்றி ஆயர் வாழ்வைப் பாடியவை. பிறர் பாடியவற்றினின்றும் அவற்றை வேறுபடுத்தி அறிதல் அரிது. 1772 சனவரி 2ஆம் நாள் அதே இதழிற் புத்தாண்டுக் களியாட்டை ஸ்கொத்து மொழியிற் பாடிய பாட்டொன்று வெளிவந்தது. அன்று தொடங்கி இரண்டே ஆண்டுகளில், முப்பதுக்குச் சிறிது மேற்பட்ட ஸ்கொத்துப் பாடல்களை அவர் இயற்றினார். 1773இல் அவருடைய கவிதைத் தொகுதி வெளிவந்தது. 1774இல் உளநோய் அவரைப் பற்றிக்கொண்டது. படிக்கட்டில் வீழ்ந்து தலையிற் காயமுற்றார். எடின்பரோப் பித்தர் விடுதியில் அடைக்கப்பட்டு, அவ்வாண்டு ஒக்தோபரில் அங்கேயே உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 24.

ஸ்கொத்து மொழி யாது என்பதை ஈண்டு ஒருவாறு தெளிவுபடுத்தல் வேண்டும். அது ஸ்கொத்லாந்தின் மலைப்புறத்தார் பேசும் கேலிக் மொழியன்று. ஆங்கிலத்தோடு ஒரே வேரிலிருந்து கிளைத்துத் தனியே வளர்ந்த மொழி அது. ஸ்கொத்லாந்து தனியரசாய் இருந்த காலத்தில் அரசவையிலும் சட்டத்திலும் கவிதையிலும் அம்மொழி வழங்கியது. 1603இல் இரு நாட்டு முடிகளும் ஒன்றாயின. 1707இல் இரு பாராளுமன்றங்களும் ஒன்றாயின. பின்னர் எழுத்து மொழியாகவும் மேலோர் மொழியாகவும் ஆங்கிலமே நிலைபெற்றது. ஸ்கொத்து மொழி சந்தைக்கும் அடுக்களைக்கும் உரியதாயிற்று. பேர்குசன் வாழ்ந்த காலத்து எடின்பரோ அறிஞர்கள் தம் எழுத்திலிருந்து தாய்மொழிச் சாயலை நீக்குவதிற் பெரிதும் முயன்றனர். மெய்யியலறிஞர் டேவிட் ஹியூம் தவிர்க்கத்தக்க ஸ்கொத்து வழக்குகளின் பட்டியலொன்றை 1752இல் வெளியிட்டார். 1761இல் தோமஸ் ஷெரிடன் என்பவர் எடின்பரோவுக்கு வந்து, ஆங்கிலத்தைப் பிழையற உச்சரிக்கும் முறையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அடுத்த ஆண்டில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் அணியியலுக்கும் இலக்கியத்துக்கும் ஓர் அரச பேராசிரியப் பதவி நிறுவப்பட்டு ஹியூ பிளேயர் என்பாருக்கு அளிக்கப்பட்டது. ஆங்கில இலக்கியம் பல்கலைக்கழகப் பாடமாக முதலில் வேரூன்றியது ஒக்ஸ்போட்டிலன்று, ஸ்கொத்லாந்திலேயே என்பது இன்று அறிஞர் பலரால் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆங்கிலேயரைப் போல எழுதவும் பேசவும் ஸ்கொத்தியருக்குப் பயிற்சியளித்தல் அப்பாடத்தின் நோக்கங்களுள் ஒன்றாய் இருந்தது. இதனை மனத்திற் கொண்டே பேர்குசனின் அங்கதத்தை அணுகுதல் வேண்டும்.

1773 ஆகஸ்ற் மாதத்தில் கலாநிதி சாமுவேல் ஜோன்சன், தம் நண்பர் பொஸ்வெல் என்பாரோடு ஸ்கொத்லாந்திற் பயணஞ் செய்யும் வழியிற் சென் அன்றூசுக்கு வந்தார். ஆங்கில அகராதியை 1755இல் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றிருந்த அவருக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் விருந்தளித்தனர். அகராதியிலே, ஓட்ஸ் தானியம் இங்கிலாந்திற் குதிரைக்கு இடப்படுவது, ஸ்கொத்லாந்தில் மக்களுக்கு உணவாவது என்ற கருத்துப்பட ஜோன்சன் பொருள் எழுதியிருந்ததை நாடெங்கும் அறிந்திருந்தது. சில நாட்களுள் றடிமனின் இதழிற் பேர்குசனின் பாட்டு வெளிவந்தது. பல்கலைக்கழக அதிபரையும் பேராசிரியர்களையும் முன்னிலைப்படுத்தி, அவர்கள் ஜோன்சனுக்கு அளித்த சிறந்த விருந்தினைப் பாராட்டுவதுபோல அது தொடங்குகின்றது.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் எனவும் பழிகரப்பு எனவும் இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாகப் பழித்தல் முன்னையது. பழியைக் கரந்து மொழிதல் பின்னையது. பேர்குசனின் பாட்டிலே இரண்டும் உள. பேராசிரியர்களை நோக்கும்போது பாராட்டென்னும் போர்வை விலகுவதில்லை. ஜோன்சனையும் அவருடைய அகராதியையும் நோக்கும்போது போர்வை முற்றாகக் கழன்று விழுகின்றது. விருந்தை ஒழுங்குசெய்யும் பொறுப்புத் தம்மிடம் இருந்திருந்தால் என்னென்ன படைத்திருப்பேன் என்று கவிஞர் ஒரு பட்டியல் தருகின்றார். ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் இருதயத்தையும் ஓட்ஸ் மாவோடு கலந்து இரைப்பையில் இட்டு அவிக்கும் ஹகிஸ், ஆட்டுத்தலை, ஆட்டுக்கால், குருதி சேர்த்துச் செய்யும் பண்டம் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எந்தத் தானியத்தைக் குதிரைத்தீனி என்று எழுதினாரோ அதனையே அவர் வாயிலிடல் வேண்டும் என்பது கருத்து.

இதுவரையில் இப்பாட்டு நகைச்சுவைப் பாட்டே. பட்டியல் முடிந்தவிடத்து அதன் குரல் மாறுகின்றது. ஸ்கொத்லாந்தின் நிலையை எண்ணி இரங்குகின்றார் கவிஞர். அயல்நாட்டில் விளைந்தனவும் கண்ணாடி மனைகளில் வெம்மையூட்டி வளர்க்கப்பட்டனவுமான அரும்பண்டங்கள் மேன்மக்கள் மேசையில் இடம்பெறுகின்றன. குடிசைவாழ் உழவரின் பிள்ளைகளுக்கோ ஒரு கலயம் மாக்கூழும் ஒரு சிறு கரண்டியுமே வாய்க்கின்றன. வாரம் முழுதும் அவர்கள் உழைப்பது அதற்காகவே. இவ்வரிகளை எய்தியதும், முன்னர் நகைத்துப் படித்த உணவுப் பட்டியல் வேறு பொருள் கொள்கின்றது. ஹகிசும் ஆட்டுத்தலையும் ஜோன்சனைத் துன்புறுத்தும் கருவிகளாக மட்டும் அமையாமல் ஒரு மக்களின் உணவாகவும் காட்சியளிக்கின்றன. அறிஞனை உபசரித்தலைக் கவிஞர் குறைகூறினாரல்லர். தம் நாட்டை இகழ்ந்தவரை உபசரிக்கும்போது, அந்நாட்டார் உண்பதை மறைத்து, அவருக்குப் பழக்கமானதையே தேடிப் படைத்தமையைக் குறைகூறினார்.

உணவைப்பற்றிய இவ்வழக்கு மொழியைப்பற்றிய வழக்குமாகும். நா என்னுஞ் சொல் சுவைக்கும் உறுப்பையும் பேசும் உறுப்பையும் ஒருங்கே குறித்தலை நினைந்து பார்த்தால் இது எளிதில் விளங்கும். உணவுப் பட்டியலில் வரும் ஒவ்வொரு பண்டத்தின் பெயரும் ஸ்கொத்துச் சொல்; அவற்றுட் பல ஜோன்சனின் அகராதி பொருட்படுத்தாத சொற்கள். அகராதி செய்தவர் முன்னே, அகராதிக்குப் புறம்பான சொற்களையே உணவாகப் பரப்பி வைத்தார் கவிஞர். அடுத்த மாதம் அவர் ஜோன்சனைக் குறித்து மற்றொரு பாட்டும் வெளியிட்டார். அது ஆங்கிலத்தில் அமைந்தது. இலத்தீன் வேர்களிலிருந்து நீளநீளமாக ஆக்கப்பட்ட சொற்களைக் கோத்து, ஜோன்சனின் நடையையே அவருக்கு எதிராகத் திருப்பிய பாட்டு அது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர் ஓருண்மையை அறிவர். ஆங்கிலம் எழுத அறியாமையாற் பேர்குசன் ஸ்கொத்து மொழியிற் பாடினாரல்லர். இரண்டையும் கற்று, ஒன்றைத் தெரிந்தெடுத்தார்.

இனி, அவர் இறந்தபின் அவருக்குச் செய்யப்பட்ட சிறப்புக்களை நோக்குவோம். முதலாவது ஒரு மருத்துவமனை. பித்தர் விடுதியில் அவரைக் கண்ட மருத்துவர் அண்ட்றூ டங்கன் அவ்விடத்தின் நிலையால் நெஞ்சம் நொந்து, உளநோயாளரை அருளோடு பேணும் இல்லமொன்று எடின்பரோவில் அமைய வேண்டுமென்று பல ஆண்டுகள் பாடுபட்டார். அவ்வில்லம் 1813இல் திறக்கப்பட்டது. கவிஞரின் பாட்டைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாத சிறப்பு இது. ஆயினும் அவருடைய துன்பத்திலிருந்து பிறருக்கு நன்மை விளையச் செய்த சிறப்பு.

இரண்டாவது கல். கனங்கேற் தேவாலய மயானத்திற் பேர்குசனின் புதைகுழி அடையாளமின்றிக் கிடந்தது. 1786இன் இறுதியில் எடின்பரோவுக்கு வந்த றொபேட் பேர்ண்ஸ் என்னும் கவிஞர் அதனைக் கண்டு வருந்தி, அடுத்த ஆண்டில் ஆலய நிருவாகிகளிடம் இசைவு பெற்றுத் தம் சொந்தச் செலவிற் கல் நாட்ட ஏற்பாடு செய்தார். 1789இல் கல் நாட்டப்பட்டது. அதற்குரிய 5 பவுணும் 10 சிலினுமாகிய தொகையை 1792இலேயே அவராற் செலுத்த முடிந்தது. வறியவரொருவர் வறியவரொருவருக்குச் செய்த இச்சிறப்பிலும் தூயது பிறிதில்லை. எனினும் அக்கல்லிற் பேர்குசன் பிறந்த ஆண்டு 1751 என்று பிழையாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அன்பு மட்டும் போதாது, ஆராய்ச்சியும் வேண்டும் என்பதற்கு அக்கல்லே சான்று.

மூன்றாவது விருந்து. இது பேர்குசனுக்கு உரியதன்று, பேர்ண்சுக்கு உரியது. பேர்ண்ஸ் 1796இல் இறந்தார். 1801இல் அவருடைய நண்பர்கள் அவர் பிறந்த அலோவே என்னும் ஊரிற் கூடி விருந்துண்டு அவரை நினைவுகூர்ந்தனர். இன்று அவர் பிறந்த சனவரி 25ஆம் நாளையொட்டி உலகின் பல பாகங்களிலும் அத்தகைய விருந்துகள் நடைபெறுகின்றன. அவ்விருந்தில் ஹகிசைக் குழலிசையோடு கொணர்ந்து, அதனை விளித்துப் பேர்ண்ஸ் 1786இற் பாடிய பாட்டை ஓதி, கத்தியால் அறுத்துப் பரிமாறுவர். பதின்மூன்று ஆண்டு முன்னர் பேர்குசன் ஜோன்சனுக்கு எதிராகக் கையிலெடுத்த பண்டம் இதுவேயன்றோ? அன்று செல்வர் விருந்தைச் சாடிய ஏழையுணவு இன்று செல்வர் விருந்தின் சடங்காயிற்று. அதனை உண்போரிற் பலர் பேர்குசனின் பெயரைக் கேட்டிருக்கவும் மாட்டார்.

நான்காவது சிறப்பே கற்றோர் செய்வது. கவிஞர் பிறந்து 200 ஆண்டு நிறைந்ததையொட்டிப் பலர் எழுதிய கட்டுரைத் தொகுதியொன்றைச் சிட்னி குட்சர் ஸ்மித் பதிப்பிக்க, அது 1952இல் வெளிவந்தது. பின்னர் மத்தியூ மக்டேர்மிட் என்பார் பேர்குசனின் கவிதைகளைத் திருத்தமாகப் பதிப்பித்தார். ஸ்கொத்து நூற்பதிப்புச் சங்கம் அதனை 1954க்கும் 1956க்கும் இடையில் இரண்டு பாகங்களாக வெளியிட்டது. 2003இல், சென் அன்றூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியராய் இருந்தவரும் தாமே ஒரு கவிஞருமான றொபேட் குரோபோட், கட்டுரைகளோடு கவிதைகளையும் சேர்த்து ஒரு தொகுதி பதிப்பித்தார். 2012இல் றோணா பிறவுண் என்னும் ஆய்வாளர், பேர்குசனுக்கும் அக்காலப் பருவ இதழ்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து நூல் எழுதினார்.

இம்முயற்சிகளாற் பேர்குசன் பெற்ற நன்மைகளை முதலிற் கூறுதல் முறையாகும். குடித்துக் கெட்டுப் பித்தாகி இறந்த இளைஞன் என்னும் கதையே நெடுங்காலம் அவரைப்பற்றி வழங்கியது. அக்கதையை ஒதுக்கி, கற்றுத் தேர்ந்த கவிஞரொருவரைக் கண்முன் நிறுத்தியவர்கள் ஆராய்ச்சியாளர்களே. பல்கலைக்கழகத்தில் இளம் மாணவராய் இருந்தபொழுது கணிதப் பேராசிரியர் டேவிட் கிரெகரி இறந்தமை குறித்து அவர் பாடிய பாட்டு இதற்குத் தக்க சான்று. கையறுநிலைப் பாட்டின் உருவில் அமைந்த நகைப் பாட்டு அது. மும்மூன்று ஒன்பதென்று நிறுவவல்லவர் இப்பொழுது இறந்தாரே என்னும் பாங்கில் ஆசிரியரின் புலமையை அடுக்கிச் செல்கின்றது. கேலியின் ஊடே ஆசிரியர்மீது மாணவனுக்குள்ள அன்பும் புலனாகின்றது. ஆறடியால் அமைந்து, நான்காமடியும் ஆறாமடியும் குறுகி நிற்கும் அப்பாவினம், பதினேழாம் நூற்றாண்டிற் குழலிசைஞர் ஹபி சிம்சன் என்பவர்மீது றொபேட் செம்பில் பாடிய இரங்கற்பாவிலிருந்து வழிவழி வந்தது. மரபறிந்து, அதனைத் தம் கருத்துக்கு ஏற்ப வளைத்தாண்ட கைவன்மை அவ்விளமையிலேயே பேர்குசனிடம் இருந்தது. இவற்றை எடுத்துக்காட்டியமைக்காக நாம் கற்றோர் அவைக்கு நன்றியுடையோம்.

நன்றி கூறியபின் குறையும் கூறல் வேண்டும். முதற்குறை, பேர்குசனை அவருக்காகவே போற்றத் தயங்குதலாகும். 2003ஆம் ஆண்டுத் தொகுதியின் தலைப்பு, பேர்குசனை வானம் கற்பித்தவர் என்கின்றது. துணைத்தலைப்பு, பேர்ண்ஸ் மிக விரும்பிய ஸ்கொத்துக் கவிஞர் என்கின்றது. வானம் கற்பித்த உழவர் என்பது 1786இல் பேர்ண்சுக்கு ஹென்றி மக்கென்சி என்னும் எழுத்தாளர் சூட்டிய பெயர். அப்பெயர் பேர்ண்சுக்கே பொருந்தாது. அவர் நன்கு நூல் கற்றவர். பல்கலைக்கழகத்திற் சில ஆண்டுகள் பயின்ற பேர்குசனுக்கு எங்ஙனம் பொருந்தும்? அன்றியும், மக்கென்சி 1771இல் எழுதிய கண்ணீர் ததும்பும் நாவலைப் பன்றியொன்றின் புலம்பலாக மாற்றி எள்ளிப் பாடியவர் இப்பேர்குசனே. தாம் எள்ளிய ஒருவர் வேறொருவருக்குச் சூட்டிய பட்டத்தைத் தம் தலையில் ஏற்கும் நிலை அவருக்கு வாய்த்தது. பதிப்பாசிரியர் இம்முரணை உணர்ந்தே அத்தலைப்பை இட்டார் என்று கொள்ளுதல் தகும். ஆனால் நூலகத்தில் அட்டையைமட்டும் பார்த்துச் செல்லும் மாணவனுக்கு முரண் புலப்படாது. பேர்ண்சின் நிழலே புலப்படும். மேற்குறித்த ஆறடிப் பாவினமும் இன்று பேர்ண்சின் பெயராலேயே பெரிதும் வழங்குகின்றது.

பேர்ண்ஸ் பெருங்கவிஞர் என்பதில் ஐயமில்லை. தம் முதற் தொகுதியின் முன்னுரையிலேயே பேர்குசனுக்குத் தாம் கடமைப்பட்டதைக் கூறிய பெருந்தன்மையும் அவருக்கு உண்டு. எனினும் பேர்குசனை அவருக்கு முன்னோடி என்று மட்டும் கொண்டால், பேர்குசனிடம் மட்டுமே உள்ளது எதுவோ அது நமக்குத் தப்பிவிடும். உழவனொருவனின் இல்லத்து மாலைப்பொழுதை 1773இற் பேர்குசன் பாடினார்; அதனை முன்மாதிரியாகக் கொண்டு பேர்ண்ஸ் குடிசைவாழ் உழைப்பாளியின் சனிக்கிழமை இரவைப் பாடினார். இரண்டும் ஒன்பதடிச் செய்யுட்களால் ஆனவை. பேர்ண்சின் பாட்டிலே குடும்பத்தார் திருமறை ஓதுகின்றனர். கவிஞர் அக்காட்சியிலிருந்து அறவுரைக்கும் நாட்டு வாழ்த்துக்கும் உயர்கின்றார். உயருந்தோறும் அவர் மொழி ஆங்கிலத்தை நாடுகின்றது. பேர்குசனின் பாட்டிலோ உழவன் களைத்து வருகின்றான், உணவும் பானமும் உண்டு, ஊர்ப்பேச்சு நிகழ்கின்றது, பாட்டி நூல் நூற்றுக்கொண்டே பேய்க்கதை சொல்கின்றாள், விளக்கு மங்க அனைவரும் உறங்கச் செல்கின்றனர். இத்தகைய எளிய உணவை உண்டே முன்னோர் வீரச் செயல்கள் புரிந்தனர் என்று இடையிற் கூறுகின்றார். நிலமும் உழவரும் வாழ்க என்னும் வாழ்த்தோடு பாட்டு முடிகின்றது. உபதேசம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. தொடக்கம் முதல் இறுதிவரை அவ்வீட்டார் பேசும் மொழியே பாட்டின் மொழி. அவ்வீட்டாரை உயர்த்திக் காட்டுதற்கு வேறு மொழி வேண்டுமென்று பேர்குசன் கருதவில்லை. இவ்வொரு காரணத்தாலேயே பேர்ண்சின் பாட்டிலும் இதனை மேலாகக் கொள்வாருளர். யானும் அவர் கட்சியினன்.

இரண்டாவது குறை இதிலும் ஆழமானது. ஸ்கொத்து மொழியைக் களைவதற்குத் துணைநின்ற பாடத்துறையே இன்று ஸ்கொத்துக் கவிஞரைக் கொண்டாட அவை கூட்டுகின்றது. அவ்வவையில் வழங்கும் மொழி ஆங்கிலம். மேற்கோள் மட்டுமே ஸ்கொத்து. கவிஞரின் சொல் விளக்கப்படுகின்றது, வகைப்படுத்தப்படுகின்றது, வரலாற்றில் வைத்து ஆராயப்படுகின்றது, ஆயினும் பேசப்படுவதில்லை. 1773இற் சென் அன்றூஸ் மேசையில் அந்நாட்டு உணவு இடம்பெறாததுபோல, கருத்தரங்கு மேடையில் அந்நாட்டுப் பேச்சு மேற்கோட் குறிகளுக்குள் மட்டுமே இடம்பெறுகின்றது எனிற் பேர்குசன் மறுபடியும் அதே பாட்டைப் பாட வேண்டியவராவார்.

இதற்கு விடையாக ஒன்று கூறப்படலாம். ஆராய்ச்சி உலகப் பொதுவானது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையாலன்றோ ஸ்கொத்லாந்துக்கு அப்பாலுள்ளோரும் பேர்குசனை அறிகின்றனர்? சொல்லகராதியும் குறிப்புரையும் இன்றி அவர் பாட்டிற் பத்தடியையேனும் பிறநாட்டார் படித்தல் இயலுமா? இவ்விடை வலிமையுடையது, மறுத்தற்கரியது. உண்மையில், இலக்கியப் பாடத்தின் தோற்றத்தைப் பற்றி மேலே நாம் கூறிய வரலாற்றை 1992ஆம் ஆண்டு நூலொன்றிலே வற்புறுத்தியவர், பேர்குசன் தொகுதியைப் பதிப்பித்த குரோபோட் அவர்களே. தன் பிறப்பைத் தானே ஆராய்ந்து குறைகாணும் துறையை எளிதிற் பழித்தல் முறையன்று. கட்டுரைகளோடு கவிதைகளும் அத்தொகுதியில் இடம்பெற்றமையை நாம் சிறப்பாகப் போற்றுதல் வேண்டும். கவிஞனுக்குக் கவிஞர் விடையளிக்கும்போது, அவன் மரபு இன்னும் உயிரோடுள்ளது என்பது வெளிப்படுகின்றது. கட்டுரை அதனைச் சொல்லலாம். கவிதையே அதனைக் காட்டவல்லது.

ஆகவே கருத்தரங்கு வேண்டுமா வேண்டாவா என்பது வழக்கன்று. எத்தகைய கருத்தரங்கு என்பதே வழக்கு. பேர்குசனின் விருந்துப் பாட்டிலிருந்து மூன்று நெறிகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, கவிஞனை அவனுடைய சொந்த உணவால், அதாவது அவனுடைய சொந்தச் சொற்களால், உபசரித்தல் வேண்டும். பாட்டு அவையில் உரத்துப் படிக்கப்படல் வேண்டும். செவிக்கென ஆக்கப்பட்டதைக் கண்ணுக்கு மட்டும் பரிமாறுதல் பாதி விருந்தே. இரண்டாவது, மேலும் புகழ்பெற்ற ஒருவரின் உறவுமுறை கூறாமல், கவிஞனை அவன் பெயராலேயே அழைத்தல் வேண்டும். மூன்றாவது, மேசையில் அமர்ந்தோரை மட்டுமன்றி, வெளியே கூழ்க்கலயத்தோடு நிற்கும் பிள்ளைகளையும் நினைத்தல் வேண்டும். அறிஞர் அவையில் விளைந்த அறிவு பள்ளிப்பிள்ளையின் கைக்கு எட்டும் மலிவுப் பதிப்பாகவும் தெளிவான குறிப்புரையாகவும் மாறாவிடின், அது கண்ணாடி மனையில் விளைந்த கனியே.

இந்நெறிகளைக் கொண்டு அளந்தால், இதுவரை பேர்குசனுக்குச் செய்யப்பட்டவற்றுள் ஆய்வுப் பதிப்பே தலையாயது. அது கவிஞரின் சொற்களைப் பிழை நீக்கி நமக்குத் தந்தது. ஏனைய ஆராய்ச்சிகள் யாவும் அதன்மேலேயே நிற்கின்றன. 2004இல் கனங்கேற் தேவாலய வாயிலின் வெளியே கவிஞரின் வெண்கலச் சிலையொன்று நிறுவப்பட்டது. கையில் நூலோடு தெருவில் விரைந்து நடப்பவராக அவரைச் சிற்பி வடித்துள்ளார். உயர்ந்த பீடமின்றி, வழிப்போக்கரோடு ஒருவராய் அச்சிலை நிற்பது, எடின்பரோத் தெருக்களையும் சந்தைகளையும் அவற்றின் ஓசையோடும் நாற்றத்தோடும் பாடிய கவிஞருக்குப் பொருந்திய சிறப்பே. உள்ளே மயானத்திலே பேர்ண்ஸ் நாட்டிய கல் இருக்கின்றது. கல்லில் ஆண்டு பிழை. பதிப்பில் ஆண்டு சரி. இரண்டும் பேர்குசனுக்கு வேண்டும்.

இலக்கியம் பயிலும் மாணவர்க்கு இதிலிருந்து ஒரு கருத்துச் சொல்லி முடிக்கலாம். கவிஞனொருவனைப்பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து முடித்தபின், அக்கவிஞனின் பாட்டை எடுத்து வாய்விட்டுப் படிக்கும் விருப்பம் உமக்கு உண்டாகின்றதா என்று பாருங்கள். உண்டானால் அக்கட்டுரை தன் கடமையைச் செய்தது. உண்டாகாவிடின், அது எத்துணைப் பெரிய அவையிற் படிக்கப்பட்டதாயினும், ஜோன்சனுக்கு அளித்த விருந்து போன்றதே. பேர்குசனின் பாட்டுக்கள் எண்ணிக்கையிற் சில. இன்றோ நல்ல பதிப்பும் குறிப்புரையும் உள. சொல்லகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உழவனில்லத்து மாலைப்பொழுதிலிருந்து தொடங்குக.